நுங்கிலிருந்து நவாஷின் வரை: நெல்லைப் பிள்ளைகள் உயிரியல் படிக்க ஒரு வழி

எட்டாம் வகுப்பு முடித்துவிட்டு வரும் பிள்ளையிடம் ‘மரபியலின் தந்தை யார்?’ என்று கேளுங்கள். பட்டென்று ‘மெண்டல்’ என்று பதில் வரும். ‘அவர் என்ன செய்தார்?’ என்றால் ‘பட்டாணி’ என்று ஒரு சொல் வரும். அதற்கு மேல் வண்டி ஓடாது. பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. வகைப்பாட்டியலின் தந்தை, நுண்ணுயிரியலின் தந்தை என்று தந்தைமார் பட்டியலாகவே உயிரியலை ஊட்டிப் பழக்கிவிட்டோம்.

பாளையங்கோட்டையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். என் வரிசை இதுதான்: முதலில் பொருள் கையில் வர வேண்டும், அடுத்து அதைப் பற்றி ஒரு கேள்வி எழ வேண்டும், கடைசியில்தான் அந்தக் கேள்வியை முன்பே கேட்ட ஆளின் பெயர். பெயரில் தொடங்கினால் தேர்வு முடிந்த மறுநாளே அது மறந்துபோகும்.

இந்த வரிசைக்கு நம் வட்டாரம் மாதிரி வாய்த்த இடம் குறைவு. மேற்கே பொதிகை மலை, நடுவில் தாமிரபரணி, இரண்டு பக்கமும் குளங்களும் நெல்வயலும் வாழைத் தோட்டமும், தெற்கே தேரி மணல், அதைத் தாண்டினால் கடல். ஒரே நாளில் பஸ்ஸில் போய் இத்தனையும் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை இருக்கும் பிள்ளைகளையும் அவர்களைப் பெற்றவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் படி: சாமான்

கோடு போடாத நோட்டு ஒன்று, பென்சில், அழிரப்பர், ஒரு கைலென்ஸ், பழைய ஷேவிங் பிளேடு (பெரியவர் கூட இருக்கும்போது மட்டும்), மூடியுள்ள கண்ணாடி பாட்டில் இரண்டு. போதும். நுண்ணோக்கி வாங்கித் தரச்சொல்லி அப்பாவை நச்சரிக்க வேண்டாம். பள்ளி ஆய்வகத்தில் இருப்பதே போதுமானது. அதுவும் இல்லாத பள்ளியென்றால், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷ் குழு 2014இல் வெளிப்படுத்திய காகித நுண்ணோக்கியான ஃபோல்ட்ஸ்கோப் இருக்கிறது. சுமார் 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். வெங்காயத் தோலின் செல்லைப் பார்க்க அது தாராளம்.

செல்போனில் படம் எடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். எடுக்கலாம், ஆனால் படம் வரைந்த பிறகு எடுங்கள். வரையும்போதுதான் இலையின் ஓரம் பல்பல்லாக இருக்கிறதா, வழுவழுப்பாக இருக்கிறதா என்ற கேள்வியே வரும். பொதுத் தேர்விலும் மதிப்பெண் வரைந்த படத்துக்குத்தான்.

இரண்டாம் படி: ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் நடந்து போகக்கூடிய ஒரு இடம். குளக்கரை, வாய்க்கால் ஓரம், கோயில் நந்தவனம், காலி மனை, எதுவானாலும் சரி. வாரம் ஒருமுறை அதே இடத்துக்குப் போக வேண்டும். இடம் மாறக் கூடாது. மழைக்கு முன் வெடித்துக் கிடந்த குளம் ஐப்பசியில் நிறைந்ததும் எங்கிருந்தோ தவளைச் சத்தம் வருகிறதே, இத்தனை நாளும் அவை எங்கே இருந்தன? இந்தக் கேள்வி ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவருக்குத்தான் தோன்றும்.

அங்கே இருக்கும் செடிகளின் பெயர் தெரியவில்லை என்றால் கூகுளுக்கு முன் வீட்டு ஆச்சியைக் கேளுங்கள். “ஆச்சி, இது என்ன செடி?” என்று ஒரு கொத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் நீட்டினால், “எய்யா, குப்பைமேனில்லா இது! சொறி சிரங்குக்கு அரைச்சுப் போடுவோம்” என்று பெயரோடு பயனும் சேர்ந்து வரும். ஆச்சி சொன்னதை அப்படியே நோட்டில் எழுதுங்கள். மருந்தாகச் சாப்பிட்டுப் பார்ப்பது மட்டும் வேண்டாம். அதற்குப் படித்தவர்கள் தனியே இருக்கிறார்கள், பாளையங்கோட்டையிலேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மூன்றாம் படி: பெயர்

நோட்டில் ஒவ்வொரு உயிருக்கும் மூன்று பெயர் எழுதுங்கள்: வீட்டில் சொல்வது, பாடப்புத்தகத்தில் இருப்பது, அறிவியல் பெயர். மூன்றும் எதற்கு? நம்மூரில் சீனியவரைக்காய் என்று கேட்டு வாங்கும் காயைச் சென்னையில் கொத்தவரங்காய் என்றால்தான் எடுத்துத் தருவார்கள். கடைக்காரரிடம் கையைக் காட்டிச் சமாளித்துவிடலாம். ஒரு நாட்டில் எழுதிய ஆய்வை இன்னொரு நாட்டில் படிக்கிறவர் எதைக் காட்டிச் சமாளிப்பார்? சுவீடன்காரர் கார்ல் லின்னேயஸ் இந்தச் சிக்கலைத்தான் தீர்த்தார். பேரினப் பெயர் ஒன்று, சிற்றினப் பெயர் ஒன்று என்று இரண்டே சொல்லில் தாவரங்களுக்கு 1753இலும் விலங்குகளுக்கு 1758இலும் முறையாகப் பெயர் வைத்தார். சீனியவரை எந்த ஊரிலும் சையமாப்சிஸ் டெட்ராகொனொலோபாதான். கையால் எழுதும்போது இரண்டு சொல்லுக்கும் தனித்தனியாக அடிக்கோடு போட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் முதல் சொல்லின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. இதில் மதிப்பெண்ணைக் கோட்டைவிடும் பிள்ளைகள் நிறைய.

நம் ஆற்றின் பெயரையே தாங்கிய ஒரு மீன் இருப்பது தெரியுமா? தாமிரபரணிப் படுகையில் மட்டுமே வாழும் சின்னக் கெண்டை வகை. இ.ஜி. சைலஸ் என்ற மீன் ஆய்வாளர் 1954இல் அதை விவரித்து, ஆற்றின் பெயரையே அதற்கும் சூட்டினார். பின்னால் 2012இல் ரோஹன் பெத்தியகொட என்ற இலங்கை ஆய்வாளரும் உடன் ஆய்வு செய்தவர்களும் இந்த வகை மீன்களுக்குத் தனிப் பேரினம் அமைத்து, பரிணாம உயிரியலாளர் ரிச்சர்ட் டாகின்ஸைச் சிறப்பித்து டாகின்சியா என்று பெயர் வைத்தார்கள். இப்போது அது டாகின்சியா டாம்ப்ரபார்னியை. முன்பெயர் ஒரு ஆங்கிலேய அறிஞருக்கு, பின்பெயர் நாம் குளிக்கும் ஆற்றுக்கு. ஓர் உயிர் ஓரிடத்தில் மட்டும் வாழ்வதைப் பாடப்புத்தகம் ஓரிடவாழ்வு என்று சொல்லும். அதற்கு எடுத்துக்காட்டு கேட்டால் எல்லாரும் சிங்கவால் குரங்கை எழுதுவார்கள். நீங்கள் இந்த மீனை எழுதுங்கள்.

நான்காம் படி: ஒரு பூவை முழுசாக அறுத்துப் பாருங்கள்

செம்பருத்தியை எடுங்கள். ஒற்றையடுக்குப் பூவாக இருக்கட்டும், அடுக்குச் செம்பருத்தி குழப்பும். அடியில் பச்சையாக மெல்லிய சிறு இதழ்கள் ஒரு சுற்று இருக்கும், அது புறப்புல்லி வட்டம். அதற்குள் ஐந்து முனையோடு ஒட்டிய கிண்ணம் போன்றது புல்லி வட்டம். அப்புறம் ஐந்து சிவப்பு அல்லி இதழ்கள், ஒன்றின் ஓரம் அடுத்ததன்மேல் ஏறி முறுக்கிக்கொண்டிருக்கும். இதழ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டால் நடுவில் நீண்ட குழல் நிற்கும். குழலின் மேற்பகுதி முழுக்க மஞ்சள் பொடி ஒட்டிய சின்னச் சின்ன மகரந்தப்பைகள். உச்சியில் ஐந்து சிவப்புப் பொட்டுகள், லென்ஸில் பார்த்தால் வெல்வெட் மாதிரி மயிரோடு தெரியும். அவைதான் சூல்முடிகள்.

பிள்ளைகள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாதீர்கள். பிளேடால் அந்தக் குழலை நீளவாக்கில் மெதுவாகக் கீறுங்கள். குழலுக்குள்ளே இன்னொரு மெல்லிய இழை ஓடுவது தெரியும். அதுதான் சூல்தண்டு. மகரந்தத்தாள்கள் எல்லாம் ஒன்றாகக் கூடிக் குழலாகி, அதன் நடுவே சூல்தண்டு போகிறது. இழையைப் பிடித்துக்கொண்டே கீழே வந்தால் சூலகம். அதைக் குறுக்கே வெட்டினால் ஐந்து அறை.

இப்போது அடுப்படிக்குப் போய் ஒரு வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டுங்கள். பெரும்பாலும் அதே ஐந்து அறை, அறைக்குள் விதை வரிசை. தெருமுனைப் பூவரசின் மஞ்சள் பூவைப் பிரித்தாலும் அதே குழல். கோவில்பட்டிப் பக்கம் கரிசலில் நிற்கும் பருத்திப் பூவிலும் அதே குழல். நான்கும் மால்வேசி குடும்பம். குடும்பம் என்ற சொல்லை நூறு முறை படித்தாலும் ஏறாதது, வெண்டைக்காயை வெட்டிய கையில் ஏறிவிடும்.

ஐந்தாம் படி: பனை

எந்த மரத்தில் தொடங்குவது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு பனை என்பேன். பாதி பாடத்திட்டம் அந்த ஒரு மரத்திலேயே ஏறி நிற்கிறது.

பழைய வீட்டில் பனங்கட்டை உத்திரம் இருந்தால் அதன் வெட்டுமுகத்தைப் பாருங்கள். வேம்பு, தேக்குக்கு இருக்கும் வளையம் எதுவும் இருக்காது. கறுப்புப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும், ஓரத்தில் நெருக்கமாகவும் நடுவில் தளர்வாகவும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு வாஸ்குலார் கற்றை, அதாவது நீரும் உணவும் போகும் குழாய்களின் கட்டு. ஒருவித்திலைத் தாவரத் தண்டில் கற்றைகள் சிதறியிருக்கும் என்ற வரிக்கு வேறு படம் தேவையில்லை. வைரம் பாய்ந்த வெளிப்பகுதியைத் தச்சர்கள் விரும்புவதும், நடுச்சோற்றை வேண்டாம் என்று ஒதுக்குவதும் இதனால்தான்.

அடுத்து, பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நுங்கு பெண்பனையில்தான். பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்து பாளை தள்ளும்வரை எது எதுவென்று பார்த்துச் சொல்வது கடினம். பாடப்புத்தகத்தில் இதற்கு ஈரில்லத் தாவரம் என்று பெயர்.

நுங்கு என்பது என்ன? பழமா, விதையா? சித்திரை, வைகாசியில் நுங்கு வெட்டும் அண்ணாச்சியிடம் ஒரு குலையை வாங்கி உட்கார்ந்து பாருங்கள். ஒரு காயில் பொதுவாக மூன்று கண். மூன்று கண்ணும் மூன்று விதை. நாம் கட்டைவிரலால் நோண்டிச் சாப்பிடும் வழவழப்பானது அந்த இளவிதையின் முளைசூழ்தசை, அதாவது பிறக்கப்போகும் கன்றுக்கு மரம் கட்டிக்கொடுக்கும் சோற்றுப் பொட்டலம். இளநீரும் அதேதான். பனங்காய் முற்ற முற்ற நுங்கு கல்லாக இறுகிவிடும்.

இந்த முளைசூழ்தசை எப்படி உண்டாகிறது என்பதை 1898இல் கண்டவர் செர்கேய் நவாஷின் என்ற ரஷ்யத் தாவரவியலாளர். லில்லி வகைச் செடிகளின் சூலை நுண்ணோக்கியில் பார்த்தார். மகரந்தக் குழல் இரண்டு ஆண் கேமீட்டுகளை, அதாவது ஆண் இனச்செல்களை, கொண்டுவருகிறது. ஒன்று அண்டத்தோடு சேர்ந்து கரு ஆகிறது. மற்றது வீணாகவில்லை, நடுவில் இருக்கும் இரண்டு துருவ உட்கருக்களோடு சேர்ந்து முளைசூழ்தசையை உண்டாக்குகிறது. இதுதான் இரட்டைக் கருவுறுதல். பூக்கும் தாவரங்களின் தனி அடையாளம். இந்தியாவில் தாவரக் கருவியல் என்ற இந்தத் துறையை வளர்த்தவர் பஞ்சானன் மகேஸ்வரி (1904–1966). டில்லிப் பல்கலைக்கழகத்தில் அவர் குழு 1960களில் சோதனைக் குழாய்க்குள்ளேயே சூலைக் கருவுறச் செய்து காட்டியது. நுங்கைத் தின்றுகொண்டே நவாஷினையும் மகேஸ்வரியையும் படித்த பிள்ளை அவர்களை மறக்காது.

இன்னும் முடியவில்லை. முற்றிய பனங்கொட்டையை மண்ணில் புதைத்து வைத்து, முளை இறங்கிக்கொண்டிருக்கும் பருவத்தில் கொட்டையை அரிவாளால் பிளந்தால் உள்ளே வெள்ளையாகப் பஞ்சுபோல் தவுன் இருக்கும். பிள்ளைகள் அடித்துப் பிடித்துத் தின்பார்கள். அந்தத் தவுன்தான் பனையின் ஒற்றை வித்திலையின் நுனி. அது உப்பி, கல்லாக இறுகிக் கிடந்த முளைசூழ்தசையைக் கரைத்து உறிஞ்சி, முளைக்கு அனுப்புகிறது. பொங்கலுக்கு அவித்துத் தின்னும் பனங்கிழங்கோ, கிழங்கு என்ற பெயர் இருந்தாலும் வேர் அல்ல. முளைவிட்ட கன்றின் முதல் இலைப்பகுதி மண்ணுக்குள் மாவுச்சத்தைச் சேர்த்துத் தடித்தது. நுங்கு, தவுன், கிழங்கு மூன்றையும் வரிசையாக வரைந்து பக்கத்தில் மாதத்தை எழுதினால் ஒரு விதையின் முழுக்கதை உங்கள் நோட்டில் இருக்கும்.

பதநீருக்கு வருவோம். பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறார்கள். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவார்கள். தடவாமல் விட்டால் சில மணி நேரத்தில் நுரைத்துப் புளித்துக் கள்ளாகிவிடும். காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக்குகிறது. சுண்ணாம்பு காரத்தன்மையை ஏற்றி ஈஸ்ட்டைப் பெருகவிடாமல் தடுக்கிறது. பனையேறிகள் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்த இந்த நுட்பத்துக்குக் காரணத்தை விளக்கியவர் லூயி பாஸ்டர். நொதித்தல் என்பது உயிருள்ள நுண்ணுயிர்களின் வேலை என்று 1850களின் கடைசியில் காட்டினார். அன்னக் கழுத்துக் குடுவையில் கொதிக்கவைத்த சாறு திறந்தே இருந்தும் கெடாமல் இருந்ததைக் காட்டி, உயிர் தானாகத் தோன்றுவதில்லை என்றும் நிறுவினார். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை 1885இல் ஒரு சிறுவனுக்கு முதலில் போட்டதும் அவரே. நாம் பார்க்கப் பதநீரைப் புளிக்கவைக்க வேண்டாம், இட்லி மாவு போதும். ஒரு டம்ளர் வெளியே, ஒரு டம்ளர் ஃபிரிட்ஜில். மாவு எவ்வளவு பொங்கியது என்று டம்ளரில் பேனாவால் கோடு போடுங்கள்.

பனை ஓலை நுனியில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூட்டையும் விட்டுவிடாதீர்கள். கூடு கட்டுவது ஆண்குருவி. பாதி கட்டியதும் பெண் வந்து பார்க்கும். பிடித்தால் தங்கும், இல்லையென்றால் போய்விடும். பெண் ஒத்துக்கொண்ட பிறகுதான் கீழ்நோக்கிய நுழைவுக் குழலைக் கட்டி முடிக்கும். அப்புறம் அதே ஆண் அடுத்த கூட்டுக்குப் பாய்ந்துவிடும். இதை 1930 வாக்கில் பம்பாய்க்குப் பக்கத்துக் கிஹிம் கடற்கரை ஊரில் பொறுமையாகக் கவனித்து எழுதியவர் பறவையியலாளர் சாலிம் அலி (1896–1987). பாதியில் கைவிட்ட கூடு மரத்தடியில் விழுந்து கிடந்தால் எடுத்து ஓலைக் கீற்று முடிச்சுகளைப் பிரித்துப் பாருங்கள். மரத்தில் இருக்கும் கூட்டைத் தொடாதீர்கள்.

ஆறாம் படி: அறிஞருக்கு ஓர் அட்டை

பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் அட்டை செய்ய நன்றாக இருக்கும். ஒரு அறிஞருக்கு ஓர் அட்டை, நான்கே வரி: என்ன கேட்டார், எதை வைத்துப் பார்த்தார், என்ன கிடைத்தது, நம்மூரில் அதை எங்கே பார்க்கலாம். பிறந்த ஆண்டு, விருது எல்லாம் அட்டையின் ஓரத்தில் சின்ன எழுத்தில். நான்காம் வரி எழுத முடியாத அட்டையைத் தனியே வையுங்கள், வருடக் கடைசிக்குள் இடம் கிடைத்துவிடும்.

மெண்டலை எடுத்துக்கொள்வோம். புரூன் நகர மடத்துத் துறவி. பெற்றோரின் பண்பு பிள்ளையிடம் கலந்துபோகிறதா, தனித்து நிற்கிறதா என்பது அவர் கேள்வி. ஏழு சோடிப் பண்புகளை எடுத்துக்கொண்டு எட்டு ஆண்டு பட்டாணி வளர்த்தார். உருண்டை விதையும் சுருங்கிய விதையும் உள்ள செடிகளைக் கலந்தபோது முதல் தலைமுறை முழுக்க உருண்டை. அதற்கடுத்த தலைமுறையில் உருண்டை 5,474, சுருங்கியது 1,850. கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று. காணாமல் போன சுருக்கம் திரும்பி வந்துவிட்டது! 1866இல் அச்சிட்டார், கண்டுகொள்வார் இல்லை. 1884இல் இறந்தார். 1900இல் மூன்று பேர் தனித்தனியாக அதே விதியை வந்தடைந்த பிறகுதான் உலகம் அவரைத் தேடியது.

நான்காம் வரிக்குப் பட்டாணி வளர்க்க வேண்டியதில்லை. இரண்டு ஒரு ரூபாய் நாணயம் போதும். தலை என்றால் ஓங்கு பண்பு, பூ என்றால் ஒடுங்கு பண்பு. இரண்டையும் சேர்த்துச் சுண்டுங்கள். இரண்டும் பூவாக விழுந்தால் மட்டும் சுருங்கிய விதை, மற்றதெல்லாம் உருண்டை. நாற்பது தடவை சுண்டினால் மூன்றுக்கு ஒன்று அவ்வளவு ஒழுங்காக வராது, நானூறு தடவை சுண்டினால் நெருங்கி வரும். மெண்டல் ஏன் ஆயிரக்கணக்கில் விதை எண்ணினார் என்பது அப்போது புரியும். அண்ணன் தம்பியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டால் ஒரு மழை நாளில் முடிந்துவிடும்.

ரொனால்டு ராஸுக்குத் தேங்கிய தண்ணீர் போதும். மலேரியா நோயாளியைக் கடித்த கொசுவின் இரைப்பைச் சுவரில் அந்த ஒட்டுண்ணியை அவர் பார்த்தது 1897 ஆகஸ்ட் 20, செகந்திராபாத்தில். 1902இல் நோபல் பரிசு. சிமெண்ட் தொட்டியில் நெளியும் கொசுப்புழுவைப் பாட்டிலில் எடுத்து ஓரத்திலிருந்து பாருங்கள். தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் கியூலெக்ஸ் அல்லது டெங்குவைப் பரப்பும் ஏடிஸ். நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்துக் கிடந்தால் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ். பார்த்ததும் தண்ணீரை வெயில் படும் மண்ணில் கொட்டிவிடுங்கள். மறந்து வைத்தால் வீட்டுக்கே கொசுப் பண்ணை வைத்த மாதிரி ஆகிவிடும்.

தாவரவியலாளர் ஜானகி அம்மாளுக்கு ஆற்றங்கரை. 1897இல் தலச்சேரியில் பிறந்தவர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் குரோமோசோம்களை எண்ணி ஆராய்ந்தார். தின்னும் கரும்பு இனிக்கும், ஆனால் நோய்க்கும் வறட்சிக்கும் தாங்காது. ஆற்றோரம் வெள்ளைப் பூவோடு ஆடும் நாணல் இனிக்காது, ஆனால் எதையும் தாங்கும். இரண்டும் ஒரே பேரினம். இரண்டையும் கலந்துதான் கோவையில் புதுக் கரும்புகளை உருவாக்கினார்கள். தாமிரபரணிப் படித்துறையில் நிற்கும் நாணலைப் பார்த்து அட்டையின் நான்காம் வரியை நிரப்புங்கள். 1945இல் டார்லிங்டன் என்ற ஆங்கிலேய அறிஞரோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பை வெளியிட்டவரும் இவரே. பாடப்புத்தகங்கள் இவருக்கு இன்னும் நாலு வரி கூடுதலாகக் கொடுக்கலாம்.

எம்.எஸ். சுவாமிநாதன் (1925–2023) அட்டைக்கு, அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த அம்பை 16 ரகம் கார் பருவத்தில் நிற்கும் வயலுக்குப் போங்கள். குட்டையான தண்டு கதிர்ப் பாரத்தைத் தாங்கி எப்படிச் சாயாமல் நிற்கிறது என்று பாருங்கள், பசுமைப் புரட்சியின் அடிப்படை அதில் இருக்கிறது. டார்வினுக்கு எல்லாரும் கலாபகஸ் தீவை எழுதுவார்கள். அவர் கடைசியாக 1881இல் எழுதியது மண்புழுக்களைப் பற்றிய நூல் என்பது தெரிந்தால் மழை விட்ட காலையில் தோட்டத்து மண்புழுக் குருணைகளே நான்காம் வரி. ஒளிச்சேர்க்கைக்கு யான் இங்கன்ஹவுஸ், 1779: குளத்து வேலம்பாசியைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வெயிலில் வையுங்கள், குமிழி வரும். நிழலில் வையுங்கள், குறையும்.

ஏழாம் படி: வெளியே

கூந்தன்குளம் போகாத நெல்லைப் பிள்ளை இருக்கக் கூடாது. நாங்குநேரி வட்டத்தில், மூலைக்கரைப்பட்டி வழியாகப் போகலாம். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள்தான் காவல். வீட்டு முற்றத்து மரத்தில் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். குஞ்சு பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பறவை எச்சம் கலந்த குளத்து நீரும் வண்டலும் வயலுக்கு உரம். இரு தரப்புக்கும் ஆதாயமுள்ள உறவுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்? வடகிழக்குப் பருவமழையில் குளம் நிறைந்த பிறகு, தை, மாசியில் போனால் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். நடு ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்தும் வரும். அதன் ஹீமோகுளோபின் காற்று மெலிந்த உயரத்திலும் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்ளக்கூடியது. ரத்தச் சுற்றோட்டப் பாடத்தை அந்த வாத்தைப் பார்த்துவிட்டுப் படியுங்கள். காலை ஏழு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள், பத்துமணி வெயிலில் பறவையும் அசையாது, பிள்ளையும் அசையாது.

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் 1988இல் உருவானது. சிங்கவால் குரங்கு, வரையாடு, மலையணில் எல்லாம் அங்கே உண்டு. பாபநாசம், மணிமுத்தாறு வரை போகிற குடும்பங்கள் அருவியில் குளித்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. போகும்போது நோட்டைக் கையில் கொடுங்கள். காட்டுக்குள் ஓர் இலைகூடப் பறிக்கக் கூடாது, வரையலாம். குரங்குக்குத் தின்பண்டம் கொடுக்கவே கூடாது. நகருக்குள்ளேயே என்றால் கொக்கிரகுளத்து மாவட்ட அறிவியல் மையம், ஒரு விடுமுறை மத்தியானத்துக்குச் சரியாக இருக்கும்.

எட்டாம் படி: கேள்விப்பட்டதைச் சோதியுங்கள்

சாரையும் நல்லபாம்பும் இணைசேரும் என்று ஊரில் சத்தியம் செய்வார்கள். பின்னிக்கொண்டு நிமிர்ந்து நிற்பவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள், பலப்பரீட்சை நடத்துகின்றன. பாம்பு பாலைத் தேடிக் குடிக்காது, மகுடி இசைக்கு மயங்கியும் ஆடாது, மகுடியின் அசைவைத் தொடர்ந்து திரும்புகிறது. நம் பக்கம் அதிகம் உயிரை வாங்குபவை நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கடித்தால் கீறாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், நேரே அரசு மருத்துவமனைக்கு. விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது.

தேர்வில் வழுக்கும் இடங்கள் சில: சிலந்தி பூச்சி அல்ல, எட்டுக் கால். வௌவால் பறவை அல்ல. மன்னார் வளைகுடாவின் பவளம் செடியும் அல்ல, கல்லும் அல்ல, விலங்கு. செடி இரவில் மட்டும் சுவாசிக்கிறது என்பது தவறு, பகலிலும் சுவாசிக்கிறது. சளிக்கு வைரஸ் காரணம் என்றால் ஆண்டிபயாடிக் வேலை செய்யாது.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது

அட்டைகளைக் கலைத்துப் போடுங்கள். ஒருவர் முதல் வரியை மட்டும் வாசிக்க வேண்டும்: ‘கெட்டுப்போவதற்குக் காரணம் காற்றா, காற்றில் இருக்கும் உயிரா?’ மற்றவர் பெயரைச் சொல்ல வேண்டும். ஆண்டு சொன்னால் கூடுதல் மதிப்பெண். செம்பருத்தி நீள்வெட்டு, இதய அறைகள், சிறுநீரகத்தின் நெஃப்ரான் போன்ற படங்களைப் புத்தகத்தை மூடிவைத்து வரைந்து, பிறகு திறந்து சிவப்புப் பேனாவால் திருத்துங்கள். பாகம் குறிக்கும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. எல்லாக் கோடும் வலப்பக்கம் முடிந்தால் திருத்துகிறவருக்கு வேலை எளிது, உங்களுக்கும் நல்லது. பாடப்புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை அதற்கப்புறம் எடுத்தால் போதும், பாதிக்கு மேல் ஏற்கெனவே உங்கள் நோட்டில் விடை இருக்கும்.